துண்டுச் சீட்டு: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் உங்கள் விழாக்களுக்கு வந்துபோகிறவர்களில் நானும் ஒருவன். பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்கியிருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன். நான்கு வயதில் இங்கே வந்த என் மகளின் நாவில் இன்றும் ழகரம் பிசகாமல் நிற்கிறது என்றால் அதற்கு நீங்களே காரணம். அந்த நன்றியோடும் உரிமையோடும் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. என் விசா நீட்டிப்பு அடுத்த ஆண்டு வருகிறது. அதற்கான தாள்கள் எல்லாம் என் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

2025 செப்டம்பர் 19ஆம் தேதி இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படித்த வெளிநாட்டவரை வேலைக்கு அமர்த்தும் எச்-1பி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பம் போடும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். ஞாயிறு பிறந்ததும் நடைமுறைக்கு வரும் என்றார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்று அன்று இரவு யாருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போயிருந்தவர்களை உடனே திரும்பி வரச் சொல்லி நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பின. விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் பதறி இறங்கினார்கள். அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக மதுரைக்குப் போன என் நண்பர், கட்டுப் பிரிக்கும் முன்பே மருத்துவமனையிலிருந்து விமான நிலையத்துக்கு ஓடினார். புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஒரே ஒரு முறைதான் என்று சனிக்கிழமை வெள்ளை மாளிகை விளக்கம் சொன்ன பிறகே நமக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்ப ஒரு மனு தயாரானது. என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். படித்துப் பார்த்தேன். நாம் திறமைசாலிகள், வரி கட்டுகிறோம், நிறுவனங்கள் தொடங்குகிறோம், பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்கிறோம் என்று இருந்தது. கட்டணத்தை நீக்க வேண்டும், ஆண்டுக்குக் கொடுக்கும் விசாக்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று முடிந்தது. இரண்டு பக்கங்களில் ‘சம்பளம்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் கேட்ட அண்ணனிடம் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

2011 அக்டோபரில் பிற நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு சிறிய கன்சல்டன்சி மூலம் இங்கே வந்தேன். நடத்தியவர் தமிழர். விமான நிலையத்துக்கு அவரே வந்து அழைத்துப்போனார், சாம்பார் சாதம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாகத் தங்க வைத்தார். அதற்கு ‘கெஸ்ட் ஹவுஸ்’ என்று பெயர். வேலை கிடைக்கும்வரை காத்திருப்பு, அதற்கு ‘பெஞ்ச்’ என்று பெயர். பெஞ்சில் இருக்கும்வரை சம்பளம் இல்லை. பதினோரு வாரம் அப்படி இருந்தேன். மூன்று ஆண்டு அனுபவம் ரெஸ்யூமேயில் ஏழாக மாறியது. அதை மாற்றியவர் நான் இல்லை, ஆனால் நேர்காணலில் அந்தப் பொய்யைச் சொன்ன வாய் என்னுடையது. வழக்கறிஞருக்குக் கட்டிய பணத்தை முதல் ஆறு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கிளையன்ட் இடத்தில் வேலை கிடைத்தது. கிளையன்ட்டுக்கும் எனக்கும் இடையில் இரண்டு வெண்டர்கள், அதாவது ஆளைக் கைமாற்றிவிடும் இடைநிறுவனங்கள். ஒருநாள் பிரிண்டரில் யாரோ மறந்து விட்டுப்போன பில்லைப் பார்த்துவிட்டேன். என் பெயருக்கு எதிரே மணிக்கு 82 டாலர் என்று இருந்தது. என் கைக்கு வந்தது 34.

இதில் சட்டப்படி நடந்தது எது என்று நினைக்கிறீர்கள்? இங்கே வந்த முப்பது நாளுக்குள் சம்பளம் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். வேலை இல்லாத நாளுக்கும் நிறுவனம் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். விசா விண்ணப்பத்துக்கான வழக்கறிஞர் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டி, சட்டம் சொல்லும் சம்பளத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. சொன்ன தேதிக்கு முன் வேலையை விட்டான் என்பதற்காகத் தண்டம் வசூலிக்கக் கூடாது. இவை எல்லாம் எழுத்தில் இருக்கின்றன, அன்றும் இருந்தன. எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? வேறு நிறுவனத்துக்கு மாறலாமே என்பார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாறலாம்தான். புதிய நிறுவனம் ஒரு விண்ணப்பம் போட்டால் போதும். ஆனால் அந்த விண்ணப்பத்தோடு, இதுவரை ஒழுங்காக வேலை பார்த்தேன் என்பதற்குச் சான்றாகச் சமீபத்திய சம்பளச் சீட்டுகளை வைக்கச் சொல்கிறார்கள். சம்பளமே தராதவரை விட்டு வெளியேற, அவரிடம் சம்பளம் வாங்கியதற்கான சீட்டு வேண்டும். பதினோரு வாரமும் இரவில் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இந்தக் கணக்கைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

நம் முன்னோர் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். ஆள் பிடித்துப் போன கங்காணியும் தமிழன்தான், பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரன். வழிச் செலவைக் கடனாகத் தலையில் ஏற்றினான். ஆள் ஒன்றுக்குத் தலைக்காசு வாங்கினான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இந்த ஆட்களின் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. இலங்கையில் 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அட்டைக்கடியிலும் பனியிலும் செத்தவர்களின் துயரத்தோடு என் பதினோரு வாரத்தை ஒப்பிட எனக்கு வாய் வராது. எனக்குப் படிப்பு இருந்தது, திரும்பிப் போக வீடு இருந்தது. ஆனால் அந்தச் சீட்டின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆளைச் சங்கிலி போட்டுக் கட்டாமலே நகரவிடாமல் செய்வது. நகர முடியாதவனுக்குக் கூலியை உயர்த்திக் கொடுக்கத் தேவையில்லை.

இதனால்தான் அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தை நான் எதிர்க்கிறேன். உங்கள் மனு சொன்ன காரணம் எனக்கு இல்லை. ஒரு லட்சம் கட்டி ஒருவரை வரவழைக்கும் நிறுவனம் அவரை எளிதில் விடுமா? அந்தப் பணத்தைச் சட்டப்படி அவரிடம் கேட்க முடியாது. அவருடைய உழைப்பிலிருந்தும் அச்சத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். துண்டில் எழுதிய கடன் தொகை பெருகினால் ஆள் இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொள்வான்.

அதே கன்சல்டன்சிக்காரருக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பொங்கல் விழா மேடையில் பொன்னாடை போர்த்தினீர்கள். பெரிய நன்கொடையாளர். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். அவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே இருந்த வெண்டர் அவரைப் பிழிந்தார், அவர் எங்களைப் பிழிந்தார். ஆனால் அன்று தட்டிய கைகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் அரை உண்மையாகிவிடும்.

2014இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கே.டி.க்கு, அதாவது போகிறவரிடமிருந்து அவர் வேலையைக் கற்றுக்கொள்ள, உட்கார்ந்தேன். எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் அந்த நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த அமெரிக்கப் பெண்மணி. என் அம்மாவை விடக் கொஞ்சம் வயது குறைவு. ஆறு வாரம் கற்றுக்கொடுத்துவிட்டு அவர் போக வேண்டும். ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால்தான் இழப்பீட்டுத் தொகை. கம்பிச் சுருள் வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். மாதக் கடைசி இரவில் ஓடும் கணக்கு முடிப்பு நிரல்கள் பற்றி இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பச்சை மையில் எழுதி வைத்தது. எந்த நிரல் எந்த வரிசையில் ஓட வேண்டும், இரவு இரண்டு மணிக்கு நின்றுபோனால் மறுபடி ஓட்டாமல் முதலில் வங்கியில் யாரைக் கூப்பிட வேண்டும், பிப்ரவரி 29 வந்தால் எந்தக் கோப்பைக் கையால் திருத்த வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. சில பக்கங்களில் காபி வட்டம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவர் மகனின் பள்ளித் தொலைபேசி எண்.

காபி இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எச்-1பி தொழிலாளியை அமர்த்தும் நிறுவனம், வேலை நடக்கும் இடத்தில் கண்ணில் படும்படி இரண்டு இடங்களில் பத்து நாள் ஒட்ட வேண்டிய எல்.சி.ஏ. அறிவிப்பு அது. வேலையின் பெயர், இடம், எத்தனை பேர், என்ன சம்பளம் என்று எல்லாம் அதில் இருக்கும். என் சம்பளம் அந்தச் சுவரில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவர்தான் காட்டினார். கோபமாக இல்லை. “இதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். அவருக்கு அந்தத் தாள் கொடுத்த உரிமை அதைப் படிக்கும் உரிமை மட்டும்தான். கடைசி நாளில் நோட்டுப் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். “உங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?” என்று கேட்டார். மூன்று ஆண்டு என்றேன். எண்ணிப் பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்.

நான் சொன்னதை விடக் குறைவாகவே வைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டில் அந்த வேலை சென்னைக்குப் போனது. நான் கே.டி. கொடுத்தேன்.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த அபூர்வம் இல்லை. ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனத்தில் 2015 தொடக்கத்தில் ஏறத்தாழ 250 தொழில்நுட்பப் பணியாளர்கள் இப்படித்தான் வெளியேறினார்கள். தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்துவிட்டு. வழக்குப் போட்டார்கள். 2016இல் தள்ளுபடியானது. நீதிபதிக்கு இரக்கம் இல்லை என்பதல்ல விஷயம், சட்டத்தில் இடம் இருந்தது. எச்-1பி ஆட்களைப் பெருமளவில் நம்பியிருக்கும் நிறுவனங்கள் உள்ளூர்த் தொழிலாளியை வெளியேற்றி அந்த இடத்தில் விசா ஆளை வைக்கக் கூடாது என்று 1998இல் ஒரு விதி வந்தது. அந்த ஆளுக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தாலே விதி பொருந்தாது என்று அதிலேயே ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். 1998இல் அது கணிசமான சம்பளம். இத்தனை ஆண்டு விலைவாசி ஏறிய பிறகும் அந்த 60,000 அப்படியே இருக்கிறது.

எச்-1பி ஆளுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தை நிலை நிலையாக வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின் அடிப்படையும் இப்படித்தான். ஒரு வட்டாரத்தில் ஒரு வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பள வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்துங்கள். முதல் நிலை என்பது பதினேழாவது ஆள் வாங்கும் சம்பளம். இரண்டாம் நிலை முப்பத்துநான்காவது ஆளுடையது. மூன்றாம் நிலைக்குத்தான் நடுவில் நிற்பவரின் சம்பளம் வருகிறது. 2019ஆம் நிதியாண்டில் தொழிலாளர் துறை ஒப்புதல் கொடுத்த எச்-1பி இடங்களில் பத்தில் ஆறு, முதல் இரண்டு நிலைகளில் இருந்தவை. ‘நாங்கள் மிகச் சிறந்த மூளைகள்’ என்று மனுவில் எழுதும்போது, அந்த மூளைகளில் பலருக்கு, வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம்கூட இல்லை என்பதையும் சேர்த்துப் படிப்பார்கள். திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்மில் இருக்கும் திறமை எனக்குத் தெரியும். குறைந்த விலைக்கு வாங்கப்படுகிறது என்று சொல்கிறேன்.

எச்-1பி விசா யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் நம் ஆட்கள் செய்ததையும் மறைக்கக் கூடாது. ஆண்டுக்கு 65,000, இங்கே முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000. இதற்கு 2023 மார்ச்சில் ஏறத்தாழ 7,80,000 பதிவுகள் குவிந்தன. செல்லத்தக்க பதிவுகளில் பாதிக்கும் மேல், ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டவை. பத்து டாலர் கட்டணத்தில் ஒரே பையனின் பெயரை நான்கைந்து கன்சல்டன்சிகள் போட்டன. ஒரே ஒரு நிறுவனத்தில் நேர்மையாகப் பதிவு செய்த பிள்ளைகள் ஏமாந்து நின்றார்கள். அவர்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. அடுத்த ஆண்டு ஆளுக்கு ஒரு சீட்டு என்று விதி மாறியதும் பதிவுகள் 4,80,000 அளவுக்குச் சரிந்தன. 2025 இறுதியில், சம்பள நிலை உயர்ந்தால் வாய்ப்பும் கூடும் என்று இன்னொரு விதி கொண்டுவந்தார்கள். அது நல்ல திசைதான். ஆனாலும் சீட்டு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கு வருவோம். என் நெஞ்சு அதிகம் எரிவது இங்கேதான். வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000. எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. எச்-1பி வாங்குகிறவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். 2025 இறுதியில் இந்தியர்களுக்கான இரண்டாம் பிரிவு வரிசை, 2013இல் இடம் பிடித்தவர்களைத் தாண்டவில்லை. நான் வரிசையில் இடம் பிடித்த தேதி 2015. என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. இருபத்தொரு வயது முடிந்தால் என் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் கழன்றுவிடும். நான்கு வயதிலிருந்து வளர்ந்த ஊரில் அவள் வெளிநாட்டு மாணவியாக மறுபடி விசா கேட்டு நிற்க வேண்டும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நானும் என் மனைவியும் இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் காத்திருப்புதான் உண்மையான துண்டுச் சீட்டு. நிறுவனம் மாறினால் பழைய தேதி தங்கும், ஆனால் விளம்பரம், தொழிலாளர் துறை ஒப்புதல், கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு என்று எல்லாவற்றையும் புதிய நிறுவனம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதவி உயர்வில் வேலையின் தன்மை மாறிவிட்டால் அதற்கும் இதே பாடு வரலாம் என்று பயந்து உயர்வை வேண்டாம் என்றவர்களை எனக்குத் தெரியும். வேலை போய்விட்டால் அறுபது நாள். அதற்குள் வேறு நிறுவனம் பிடிக்க வேண்டும், அல்லது மூட்டை கட்ட வேண்டும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தபோது, வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் வைத்திருந்தவர்கள் இந்த அறுபதை விரல் விட்டு எண்ணினார்கள். இப்படி எண்ணிக்கொண்டிருப்பவர் மேலாளரிடம் ‘இது முறையல்ல’ என்று எப்படிச் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியாது என்று எப்படிச் சொல்வார்? அவர் வாயை மூடிக்கொண்டு செய்யும் வேலையைப் பக்கத்து இருக்கை அமெரிக்கரும் செய்தாக வேண்டியிருக்கிறது. அவருக்கு நம்மீது கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் ஒரு பாதி நியாயமானது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கிரீன் கார்டு விளம்பரத்திலும் இதே கதை. உள்ளூரில் தகுதியானவர் இல்லை என்று காட்டுவதற்கு நிறுவனம் ஆள் தேட வேண்டும். ஃபேஸ்புக் அந்த இடங்களை மட்டும் தன் இணையதளத்தில் போடாமல், தபாலில் விண்ணப்பிக்கச் சொன்னது என்று அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்குத் தொடுத்தது. 2021இல் 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஆப்பிளும் 2023இல் இப்படிப்பட்ட புகாரில் 2 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த விளம்பரங்களுக்குப் பின்னால் நம்மைப் போல ஒருவரின் கிரீன் கார்டு இருந்திருக்கும். அவர் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனால் கதவு சாத்தப்பட்டது யாருக்கு என்று நாம் கேட்டதே இல்லை.

2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக அறிவிக்கப்பட்டபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். ஒரு பக்கம் நம் தோலையும் சாப்பாட்டையும் கடவுளையும் பழித்தவர்கள். இன்னொரு பக்கம் எலான் மஸ்க் போன்ற முதலாளிகள், விசா இல்லாவிட்டால் நாடு தோற்றுவிடும் என்று. நாம் பயந்துபோய் முதலாளிகளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினோம். அவர்கள் நம்மைக் காப்பதாக நினைத்தோம். அந்த வாரங்களில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், இந்த விசா நல்ல சம்பள வேலைகளை அகற்றி அந்த இடத்தில் வெளிநாட்டுக் கொத்தடிமைகளை வைப்பதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது என்று சொன்னார். நம் குழுக்களில் அவரைத் திட்டினார்கள். ‘நாங்கள் கொத்தடிமைகளா?’ என்று. எனக்கும் அந்தச் சொல் சுட்டது. ஆனால் சுட்ட காரணம் அது பொய் என்பதால்தானா என்று அன்று இரவு என்னையே கேட்டுக்கொண்டேன்.

இப்போது பேசலாமா, நம்மீது வெறுப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. 2019இல் அப்பா இறந்தபோது, கடவுச்சீட்டில் விசா முத்திரை வாங்கும் ஸ்டாம்பிங்கில் மாட்டித் திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்று நான் ஊருக்குப் போகவில்லை. தம்பி கொள்ளி வைத்ததைக் கைபேசியில் பார்த்தேன். பயம் ஒரு மனிதனை எவ்வளவு சுருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் நாம் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை நம்மை வெறுப்பவர்கள் சொல்வார்கள். பெஞ்சில் பட்டினி கிடந்தவனைக் குற்றவாளியாகவும் அவனை அங்கே உட்கார வைத்தவரை வெறும் இந்தியராகவும் காட்டுவார்கள். நாம் சொன்னால் கூலி கொடுக்காதவர் யார், கூலி இழந்தவர்கள் யார் என்று பிரித்துச் சொல்லலாம்.

ஆகவே நான் கேட்பவை இவை. அடுத்த மனுவை மாற்றி எழுதுங்கள். விசா எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால், விசாவைத் தொழிலாளியின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். தொழிலாளர் துறை ஒப்புதலும் ஐ-140உம் நிறுவனம் மாறினாலும் ஆளோடு போகட்டும். அறுபது நாளை நூற்றெண்பதாக்கட்டும். அந்த 60,000 டாலர் கதவை மூடட்டும். உள்ளூர் ஆளை நீக்கி விசா ஆளை வைக்கக் கூடாது என்ற விதி எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தட்டும். சம்பளத்தின் கீழ்நிலையை நடுவில் நிற்பவரின் சம்பளத்துக்கு உயர்த்தட்டும். அப்படி உயர்த்தினால் நம்மில் சிலருக்கு விசா கிடைக்காமல் போகும். தெரிந்தேதான் கேட்கிறேன். ஏழு சதவீத உச்சவரம்பை நீக்கச் சொல்வதை இதோடு சேர்த்துக் கேட்டால், பச்சை மையில் எழுதிய அந்த அம்மாளும் நம் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன்.

நன்கொடை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். விதியை வேண்டுமென்றே மீறியவர்கள், விசா விண்ணப்பம் போடத் தடை விதிக்கப்பட்டவர்கள் என்று தொழிலாளர் துறை தன் இணையதளத்தில் பட்டியலே வைத்திருக்கிறது. பொன்னாடை வாங்கும் முன் அதை ஒருவர் பத்து நிமிடம் புரட்டிப் பார்க்கலாம். பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி அவர்களிடம் வேலை பார்த்த நம் பிள்ளைகளிடமே விசாரிக்கலாம். அவர்கள் விழாவில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

விசாவில் இருப்பவர்கள் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு, சேரலாம். இதை ஒரு விழாவில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நடக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு நாம் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே எனக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கொடுங்கள். சம்பளம் வராதவர் தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுக்க டபிள்யூ.எச்-4 என்று ஒரு படிவம் இருக்கிறது. தவறு நடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தபோது பன்னிரண்டு மாதம் தாண்டிவிட்டது. முப்பது படிவங்களை நான் அச்சடித்துக் கொண்டுவருகிறேன். எப்படி நிரப்புவது என்று தமிழில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். வருகிறவரின் பெயரை எழுதிக்கொள்ள மாட்டேன். என் பெயரையும் முகத்தையும் அப்போது எல்லோரும் பார்த்துவிடுவார்கள். என் மனைவியிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டாள்.

எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை
நியூ ஜெர்சி